நெல்லுக்குப் பதில் பயறு: பணம் மட்டும் போதுமா?

சேனநாயக்க சமுத்திரத்தின் நீர்மட்டம் குறையும் ஆண்டுகளில், அம்பாறை மாவட்ட விவசாயிகளின் முதல் கவலை சிறுபோகத்திற்கு எத்தனை ஏக்கருக்குத் தண்ணீர் கிடைக்கும் என்பதுதான். தண்ணீர் போதாவிட்டால் பயறு, கௌபி, சோளம் செய்யலாமே என்ற ஆலோசனை உடனே வருகிறது. சம்மாந்துறையிலும் நிந்தவூரிலும் நெல்லையே நம்பி வாழும் குடும்பங்கள் அதற்குத் தயங்குகின்றன. இதைப் பிடிவாதம் என்று ஒதுக்கிவிட முடியாது.

நெல்லைக் கைவிடும் விவசாயிக்குப் பணம் கொடுத்தால் என்ன? இந்தியாவின் ஹரியானா மாநிலம் அதைச் செய்து பார்த்தது. நிலத்தடி நீர் வேகமாக இறங்கியதால், நெல்லுக்குப் பதிலாக சோளம், பருத்தி, பருப்பு வகைகள் பயிரிடுவோருக்கு ஏக்கருக்கு 7,000 இந்திய ரூபா வழங்கும் திட்டத்தை 2020 மே மாதம் அறிவித்தது. 2025இல் அத்தொகையை 8,000 ஆக உயர்த்தியது. ஆனாலும் அங்கு நெற்பரப்பு சுருங்கவில்லை. காரணம் எளிது. நெல்லை அரசு உறுதியான விலைக்கு வாங்கிக்கொள்கிறது. மற்றப் பயிர்களுக்கு அந்த அளவு நம்பிக்கை இல்லை.

நமது நிலையும் இதுதான். 2024/25 பெரும்போகத்தில் நெற்செய்கைக்கான உர மானியம் ஹெக்டயருக்கு 25,000 ரூபாவாக உயர்ந்தது. 2025 பெப்ரவரியில் நாட்டரிசி நெல்லுக்குக் கிலோ 120 ரூபா விலை நிர்ணயமானது. நெல்லை வாங்க ஒரு சபையே இருக்கிறது. பயறுக்கு அப்படியொரு சபை இல்லை. அறுவடை நாளில் வியாபாரி சொல்வதே விலை.

எனவே மாற்றுப் பயிருக்குக் கொடுப்பனவு வழங்குவதானால் மூன்று விடயங்கள் அவசியம். முதலாவது, கொள்வனவு விலையை விதைப்புக்கு முன், போக ஆரம்பக் கூட்டத்திலேயே அறிவிக்க வேண்டும். இரண்டாவது, பணம் காணி உரிமையாளரின் கணக்குக்கு அல்ல, குத்தகைக்குச் செய்தாலும் வயலில் இறங்குபவரின் கைக்கே போக வேண்டும். மூன்றாவது, நீர் வடியாத பள்ளக் காணிகளில் பயறும் சோளமும் அழுகிவிடும். அவற்றைக் கட்டாயப்படுத்தக் கூடாது.

2017 வரட்சியில் நாட்டின் நெல் உற்பத்தி முந்திய ஆண்டைவிட ஏறத்தாழ 40 சதவீதம் குறையும் என ஐ.நா. அமைப்புகள் மதிப்பிட்டன. அடுத்த வரட்சியும் வரும். குளம் வற்றிய பின் நட்டஈட்டுக்கு வரிசையில் நிற்பதா, அதற்கு முன்பே திட்டமிடுவதா என்பதை விவசாய அமைப்புகள் இப்போதே பேச வேண்டும்.