வெறும் நிலமல்ல, பூங்கா

ஒரு நகரத்தில் பெரியதொரு நினைவுக் கட்டடம் எழுப்புவதென்று முடிவாகிவிட்டால், அடுத்த கவலை காணியைப் பற்றியது. தனியார் காணியென்றால் விலை பேச வேண்டும். வீடுகள் இருக்கும் காணியென்றால் குடியிருப்போரை எழுப்பி, நட்டஈடு கொடுக்க வேண்டும். பூங்காவிலே இந்தத் தொல்லைகள் எதுவுமில்லை. அங்கே உறுதி வைத்திருப்போர் எவருமில்லை. வாடகைக்கு இருப்போரும் இல்லை. ஆகவே வரைபடத்தைப் பார்ப்பவரின் விரல் தானாகவே அந்தப் பச்சை நிறத் துண்டின் மேல் போய் நிற்கிறது. "அங்கே ஒன்றுமில்லையே, அங்கேயே கட்டலாம்" என்ற பேச்சும் எழுகிறது.

"ஒன்றுமில்லை" என்ற இந்தச் சொல்லோடுதான் எனக்கு வழக்கு. நினைவுச் சின்னங்கள் வேண்டாமென்று நான் கூறவில்லை. நூதனசாலையும் நூலகமும் நினைவாலயமும் ஒரு சமூகத்திற்கு அவசியமானவை. ஆனால் ஒரு கட்டடத்தின் நோக்கம் நல்லது என்பதனால் மட்டும், அது நிற்கும் இடமும் சரியான இடமாகிவிடாது. நோக்கம் வேறு, இடம் வேறு. இவை இரண்டையும் ஒன்றாகக் குழப்பிவிடும்போதுதான் இத்தகைய சர்ச்சைகள் முளைக்கின்றன. ஐக்கிய அமெரிக்காவின் சிக்காகோ நகரம் இந்தப் பிரச்சினையை ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகப் பல தடவைகள் சந்தித்திருப்பதால், அங்கிருந்தே தொடங்குகிறேன்.

மிச்சிகன் ஏரிக்கரையில் சிக்காகோ ஒரு சிற்றூராக இருந்த காலத்தில், 1836ஆம் ஆண்டு, கால்வாய் வேலைக்குப் பணம் திரட்டக் காணி விற்ற ஆணையாளர்கள் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். ஏரியோரத்தில் ஒரு துண்டை விற்காமல் ஒதுக்கி, இது பொதுநிலம், கட்டடமோ வேறு தடையோ இன்றி என்றென்றும் திறந்தவெளியாகவே இருக்க வேண்டும் என்று வரைபடத்திலேயே எழுதிவைத்தார்கள். ஊர் பெருநகரமானது. அந்த எழுத்தை எல்லோரும் மறந்தார்கள். தபால் மூலம் பொருட்கள் விற்றுச் செல்வந்தரான ஏரோன் மொன்ட்கோமரி வோர்ட் என்பவர் மட்டும் மறக்கவில்லை. 1890இல் அவர் நீதிமன்றம் சென்றார். ஏறத்தாழ இருபது வருடங்கள் வழக்காடினார். இலினோய் மாநில உச்ச நீதிமன்றம் நான்கு தடவைகள் அவர் பக்கமே தீர்ப்பளித்தது.

அவர் மறித்தது தொழிற்சாலைகளையோ கள்ளுக்கடைகளையோ அல்ல. மார்ஷல் ஃபீல்ட் என்ற பெரு வர்த்தகர் 1906இல் காலமானபோது 8 மில்லியன் டொலரை ஒதுக்கிச் சென்ற நூதனசாலையும் அவர் மறித்தவற்றுள் ஒன்று. அதனால் நகரத்துப் பெரியவர்களின் ஏச்சும் பேச்சும் அவருக்குத் தாராளமாகக் கிடைத்தன. முடிவில் நடந்தது என்ன? நூதனசாலை அந்தப் பூங்காவுக்குத் தெற்கே, ஏரியை நிரப்பிப் பெற்ற வேறொரு நிலத்தில் எழுந்து 1921இல் திறக்கப்பட்டது. இன்று சிக்காகோ மக்களுக்கு கிராண்ட் பூங்காவும் உண்டு, ஃபீல்ட் நூதனசாலையும் உண்டு. ஒன்றைக் கொடுத்துத்தான் மற்றதைப் பெற வேண்டும் என்று சொன்னவர்களின் கணக்குப் பிழைத்துப் போனது.

இதே நகரின் தெற்குப் பகுதியில் இருப்பது ஜக்சன் பூங்கா. நியூயோர்க்கின் சென்ட்ரல் பூங்காவை அமைத்த ஓம்ஸ்டெட், வோக்ஸ் என்ற இருவரும் 1871இல் இதற்கான திட்டத்தை வரைந்தனர். 2016இல் இந்தப் பூங்காவின் ஒரு பகுதியே முன்னாள் ஜனாதிபதி பராக் ஒபாமாவின் பெயரிலான நிலையத்திற்குத் தெரிவானது. எடுக்கப்பட்டது 19.3 ஏக்கர். அதில் எழுவது 225 அடி உயர நூதனசாலைக் கோபுரமும் ஏனைய கட்டடங்களும். பயன்பாட்டு உரிமை 99 வருடங்களுக்கு. விலை 10 டொலர். 2018 மே மாதம் மாநகர சபையில் நடந்த வாக்கெடுப்பில் 47 பேர் ஆதரவு, ஒரேயொருவர் எதிர்ப்பு.

ஆதரித்தோர் சொன்ன காரணங்களை நாம் இலேசாகத் தள்ளிவிட முடியாது. சிக்காகோவின் தெற்குப் பகுதி கறுப்பின மக்கள் பெருமளவில் வாழும் பகுதி. பல தசாப்தங்களாக முதலீடும் தொழிலும் அதைத் தேடி வரவில்லை. நாட்டின் முதலாவது கறுப்பின ஜனாதிபதி உருவான மண்ணில் அவரது நினைவிடம் அமைவதில் அம்மக்களுக்கு இருக்கும் பெருமையை வெளியிலிருந்து எவரும் அளந்துவிட முடியாது. கட்டுவதற்கான பணத்தை அறக்கட்டளை தானே திரட்டியது. நிலத்தின் உரிமை நகரத்திடமே இருக்கிறது. வளவுக்குள் பொது நூலகக் கிளையும் எவரும் நுழையக்கூடிய தோட்டமும் திட்டமிடப்பட்டன. எல்லாம் உண்மைதான்.

ஆனால் இந்தக் காரணங்கள் அனைத்தும் "ஏன் தெற்குப் பகுதி?" என்ற கேள்விக்கே விடை தருகின்றன. "ஏன் பூங்காவுக்குள்?" என்ற கேள்விக்கு அவற்றில் ஒன்றேனும் விடை தரவில்லை. எதிர்த்தவர்களில் அநேகர் நிலையமே வேண்டாமென்று கூறியவர்களல்லர். 2018 ஜனவரியில் சிக்காகோ பல்கலைக்கழக ஆசிரியர்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டு எழுதிய கடிதமும் இந்தத் திட்டத்தைக் கேள்விக்குட்படுத்தியது. நிலையத்தைத் தம் பகுதிக்குக் கொண்டுவரப் போட்டியிட்டதே அதே பல்கலைக்கழகம்தான். மேற்கே வொஷிங்டன் பூங்காவை அண்டி வெற்றுக் காணிகள் இருக்கின்றன, அங்கே கட்டினால் பூங்காவும் பிழைக்கும், அந்த வட்டாரமும் பிழைக்கும் என்பது அவர்களைப் போன்றோரின் வாதமாக இருந்தது.

அயலில் குடியிருந்த எளிய மக்களின் கவலை இன்னொன்று. நிலையம் வந்தால் வாடகை ஏறும். ஏறினால் நாம் எங்கே போவது? நிலையம் வரட்டும், ஆனால் நாங்கள் விரட்டப்படமாட்டோம் என்பதை எழுத்தில் தாருங்கள் என்று கேட்டார்கள். அறக்கட்டளை அப்படியோர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட இணங்கவில்லை. விடாமல் போராடிய பின்னரே, 2020 செப்டெம்பரில், வூட்லோன் பகுதியில் நகரத்துக்குச் சொந்தமான வெற்றுக் காணிகளில் நான்கில் ஒரு பங்கைக் குறைந்த வருமானத்தினரின் வீடுகளுக்கென ஒதுக்கும் சட்டத்தை மாநகர சபை நிறைவேற்றியது. வாயால் தரும் வாக்குறுதிக்கும் எழுத்தில் தரும் வாக்குறுதிக்கும் இடையிலுள்ள தூரத்தை அம்மக்கள் நன்கு அறிந்திருந்தார்கள்.

வழக்கும் நடந்தது. பொதுநிலம் அரசின் சொந்தச் சொத்தல்ல, மக்களுக்காக அதன் கையில் ஒப்படைக்கப்பட்டது என்பது அமெரிக்கச் சட்டத்தில் வேரூன்றிய ஒரு கொள்கை. நம்முடைய பேச்சில் சொன்னால், அமானிதம். இந்தக் கொள்கையை முன்வைத்தே பூங்காப் பாதுகாவலர்கள் 2018இல் நீதிமன்றம் சென்றார்கள். 2020 ஓகஸ்டில் சமஷ்டி மேன்முறையீட்டு நீதிமன்றம் அவர்களைத் திருப்பி அனுப்பியது. அந்தத் தீர்ப்பை எழுதிய நீதிபதி ஏமி கோனி பரெட் அதே வருடம் உச்ச நீதிமன்றத்துக்கு நியமனம் பெற்றார். பொதுநிலக் கொள்கையைப் பொறுத்தவரை, இந்த நீதிமன்றத்தில் வழக்காடுவதற்கு உங்களுக்கெனத் தனிப்பட்ட பாதிப்பு எதுவும் காட்டப்படவில்லை என்பதே சாரம். சற்று நின்று யோசியுங்கள். பொதுச்சொத்து எல்லோருக்கும் உரியது. எல்லோருக்கும் உரியது என்பதனாலேயே, "இது என் இழப்பு" என்று சொல்லி நீதிமன்ற வாயிலைத் தாண்ட ஒருவராலும் முடியவில்லை. பூங்கா இலகுவில் பறிபோவதன் இரகசியம் இதுதான். 2021 செப்டெம்பரில் கட்டட வேலை ஆரம்பமானது. நூற்றுக்கணக்கான மரங்கள் விழுந்தன.

பெண்பிள்ளைகளாகிய நாம் கவனிக்க வேண்டிய ஒரு சிறு செய்தியும் இதில் உண்டு. 1893இல் ஜக்சன் பூங்காவில் உலகப் பெரும் கண்காட்சியொன்று நடைபெற்றது. அதில் பெண்களுக்கென எழுப்பப்பட்ட மண்டபத்தை வரைந்தவர் சோஃபியா ஹேய்டன் என்ற இளம் பெண். மசச்சுசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தில் கட்டடக்கலைப் பட்டம் பெற்ற முதற் பெண் அவரே. மண்டபம் அழிந்துபோன அந்த இடத்தில் 1930களில் மே மெக்கடம்ஸ் என்ற இன்னொரு பெண் வட்ட வடிவில் ஒரு பூந்தோட்டம் அமைத்தார். பெண்கள் தோட்டம் என்று பெயர் பெற்ற அதுவும் ஒபாமா நிலையத்தின் வேலைக்காகப் பெயர்க்கப்பட்டது. திரும்ப அமைத்துத் தருவோம் என்றார்கள். செடியைத் திரும்ப நடலாம். ஆனால் ஒரு பெண் கட்டியதும், அதன் மேல் ஒரு பெண் நட்டதும் இருந்த மண்ணைக் கூட, வரைபடம் பார்த்தவர்கள் "ஒன்றுமில்லாத" இடமாகத்தானே எண்ணினார்கள்?

பறித்த பூங்காவுக்குப் பதிலாக வேறு விளையாட்டிடம் தர வேண்டும் என்று அந்நாட்டுச் சட்டம் கோரியது. நகரம் காட்டிய பதிலிடம் அருகிலிருக்கும் மிட்வே பிளைசன்ஸின் கிழக்கு முனை. அதுவோ ஏற்கெனவே பூங்காவாக இருக்கும் நிலம்! மூத்தவளின் சட்டையை எடுத்தோம், ஈடாக அவளுடைய மற்றச் சட்டைக்குப் பொத்தான் தைத்துக் கொடுத்தோம் என்பது போன்ற கணக்கு இது.

இடத்தை எதிர்ப்பவர் நோக்கத்தையும் எதிர்ப்பவரே என்று குற்றஞ்சாட்டுவது எங்கும் வழக்கம். இலண்டனில் நடந்ததைப் பாருங்கள். நாடாளுமன்றத்தை ஒட்டிய விக்டோரியா கோபுரத் தோட்டத்தில் யூத இனப்படுகொலைக்கான நினைவகம் அமைக்கப்படும் என 2016இல் அறிவிக்கப்பட்டது. அதை எதிர்த்தோரில் அந்தப் படுகொலையிலிருந்து உயிர்தப்பியவர்களே இருந்தார்கள். அவர்களைப் பார்த்து, நினைவு கூர்வதை எதிர்க்கிறீர்கள் என்று யாரால் சொல்ல முடியும்? அந்த நிலம் பொதுத் தோட்டமாகவே பேணப்பட வேண்டும் என 1900ஆம் ஆண்டுச் சட்டமொன்று கூறுவதைச் சுட்டிக்காட்டி, 2022 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் அனுமதியை இரத்துச் செய்தது. அரசாங்கமோ இடத்தை மாற்றவில்லை. தடையாக இருந்த சட்டத்தை நீக்க மறுவருடமே புதிய சட்டமூலமொன்றைக் கொண்டுவந்தது.

எதிர்ப்பெல்லாம் சரியானது என்றும் நான் வாதிட வரவில்லை. திரைப்பட இயக்குநர் ஜோர்ஜ் லூகாஸ் சிக்காகோ ஏரிக்கரையில் நூதனசாலை கட்ட முன்வந்தபோது, பூங்கா ஆர்வலர்கள் வழக்கிட்டு நிறுத்தினார்கள். 2016இல் அவர் விலகி லொஸ் ஏஞ்சலிஸுக்குப் போய்விட்டார். அவர் கேட்ட இடம் அன்று புல்வெளியல்ல, வாகனத் தரிப்பிடம். நூதனசாலையும் போய், தார்த்தரையே மிஞ்சியது என்று பலர் மனம் நொந்தார்கள். ஆகவே வெறுமனே "தொடாதே" என்பது போதாது. பூங்காவைக் காப்போர் அதைப் பூங்காவாக வளர்க்கவும் வேண்டும். பராமரிக்காமல் பாழாய் விட்ட பூங்காவே "ஒன்றுமில்லை" என்போருக்கு முதற் சாட்சியாக நிற்கிறது.

இனி, பூங்காவில் இருப்பதென்ன? நமது ஊர்களையே எண்ணிப் பாருங்கள். ஆண்களுக்குச் சந்தியுண்டு, தேநீர்க்கடை வாங்குண்டு, பள்ளிவாசல் முற்றமுண்டு. வளவில்லாத வீட்டுப் பெண்ணுக்கும், அவள் கைபிடித்து நடக்கும் குழந்தைக்கும், மூச்சிரைக்க இரைக்கவேனும் நடக்கச் சொல்லி வைத்தியர் பணித்த உம்மம்மாவுக்கும் காசில்லாமல், காரணம் கேட்கப்படாமல் போய் அமர எந்த இடம் உண்டு? சிறுவர் பூங்காவும் கடற்கரையும்தான். இதை ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே ஒருவர் உணர்ந்திருக்கிறார். கொழும்பு காலிமுகத்திடலில் 1859இல் நடைபாதையை முடித்த ஆளுநர் சேர் ஹென்றி வோர்ட், கொழும்பின் பெண்களினதும் பிள்ளைகளினதும் நலனுக்காக அதைத் தமக்குப் பின் வருவோரிடம் ஒப்படைப்பதாகக் கல்லில் பொறித்துவைத்தார். அந்நிய ஆட்சியாளர்தான். ஆயினும் திறந்தவெளி யாருக்கு அதிகம் தேவை என்பதைச் சரியாகவே எழுதிவைத்தார்.

எனவே எந்த ஊரிலாயினும் பூங்காவில் கட்ட விரும்புவோர் மூன்று காரியங்களைச் செய்த பின்னரே அடிக்கல்லைத் தூக்க வேண்டும் என்பது என் கருத்து. முதலாவது, வேறு இடங்கள் எவை பார்க்கப்பட்டன, அவை ஏன் தள்ளப்பட்டன என்பதை எழுத்தில் மக்கள் முன் வைக்க வேண்டும். இரண்டாவது, அந்தப் பூங்காவை அன்றாடம் பாவிப்பவர்களிடம், குறிப்பாகப் பெண்களிடம், முடிவெடுப்பதற்கு முன்னரே கேட்க வேண்டும். முடிவெடுத்த பின் கூட்டம் வைத்துக் கைதட்ட வைப்பது கேட்டதாகாது. மூன்றாவது, எடுக்கும் ஒவ்வொரு ஏக்கருக்கும் அதே அயலில், இதுவரை பூங்காவாக இல்லாத ஓர் ஏக்கரைப் பூங்காவாக்கித் தர வேண்டும். அதுவும் மரம் விழுவதற்கு முன்னரே. இந்த மூன்றையும் நிறைவேற்றினால் காணி இலவசமாக இராது. அப்போது பூங்காதான் வேண்டும் என்ற பிடிவாதமும் பெருமளவு குறைந்துவிடும்.

அன்புச் சகோதரிகளே, நாளை நம்மில் சிலர் பொறியியலாளர்களாகலாம், நகர சபைக் கதிரைகளில் அமரலாம், காணி வரைபடங்களில் கையொப்பமிடலாம். அன்று யாரேனும் பச்சை நிறத் துண்டொன்றைக் காட்டி "இங்கே ஒன்றுமில்லை" என்று சொன்னால், கையொப்பமிடுவதற்கு முன் ஒரு மாலை நேரம் அங்கே போய் இருந்து, யார் யார் வருகிறார்கள் என்று எண்ணிப் பார்த்துவிட்டு வாருங்கள்.