மீனவன் சிரிக்கக் கூடாதா?

1941இல் ஸ்காட்லாந்தின் எரிஸ்கே தீவருகே 'பாலிடீஷியன்' என்ற சரக்குக் கப்பல் தரைதட்டியது. தீவுவாசிகள் அதிலிருந்த விஸ்கியை அள்ளிச் சென்றனர். சிலர் சிறைக்கும் போயினர். அந்தத் திருட்டின் வழிவந்த படம்தான் அலெக்சாண்டர் மெக்கன்ட்ரிக்கின் 'விஸ்கி கலோர்!' (1949). சுங்கத்தார் வருமுன் ஊரே புட்டிகளை ஒளிக்கிறது; படம் ஊரின் பக்கம் நின்று அதிகாரத்தைப் பார்த்துச் சிரிக்கிறது.

நம் சினிமாவோ மீனவனுக்கு இரண்டே வேடங்களை வைத்திருக்கிறது: அழுபவன், கடத்துபவன். 'படகோட்டி' (1964) முதல் 'மரியான்' (2013) வரை கடற்கரை என்றால் பாட்டும் கண்ணீரும்தான்.

பழவேற்காட்டு ஏரிக் கிராமங்களைப் பாருங்கள். எந்த நாளில் யார் எங்கே வலை கட்டுவது என்பதைப் 'பாடு' என்னும் முறைவைத்து ஊரே தீர்மானிக்கிறது. பக்கத்து ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் கிளம்பும் நாளிலோ கடலுக்குப் போகத் தடை. விண்வெளிக்கு வழி உண்டு, படகுக்கு இல்லை! இதைவிடக் கூர்மையான அங்கதக் கரு ஈலிங் ஸ்டுடியோவுக்குக் கூடக் கிடைத்ததில்லை.

துயரப்படுகிறவர்களை வைத்துச் சிரிக்கலாமா என்பார்கள். எரிஸ்கேயிலும் அது போர்க்காலப் பற்றாக்குறைதான். பரிதாபப்படத் தூரத்தில் நின்றால் போதும். சேர்ந்து சிரிக்க அவர்கள் பேச்சு தெரிந்திருக்க வேண்டும். நம் இயக்குநர்கள் அந்த உழைப்புக்குத்தான் அஞ்சுகிறார்கள்.