உல்லையில் யார் பெயரில் யார் கடை?



2024 டிசம்பரில் நூற்றுக்கும் மேற்பட்ட ரோஹிங்கியர், சிறு பிள்ளைகளோடு, முள்ளிவாய்க்கால் கடலில் படகொன்றில் வந்து சேர்ந்தபோது, ‘இவர்களுக்குச் சோறு போட நாட்டிடம் என்ன இருக்கிறது?’ என்று கேட்டவர்கள் பலர். 1951ஆம் ஆண்டின் அகதிகள் சாசனத்தில் இலங்கை கையொப்பமிடவில்லை. அகதியாக வந்தவருக்கு இங்கே கூலி வேலை செய்யவும் அனுமதியில்லை. அப்படியிருக்க அவர் யாருடைய பிழைப்பைப் பறிக்கப் போகிறார்? கட்டுநாயக்காவில் விமானத்தால் இறங்கி, சுற்றுலா விசாவில் கடை நடத்துகிறவரிடம் இந்தக் கேள்வியை அரசாங்கம் ஏன் கேட்பதில்லை என்பதே என் ஆதங்கம்.

அறுகம்பை, அதாவது நம் பொத்துவில் உல்லை, ஏப்ரல் கடைசியிலிருந்து ஒக்டோபர் வரை அலைச்சறுக்குக்காரரால் நிரம்புகிறது. அந்த ஆறு மாதத்து வருமானத்தில்தான் அங்குள்ள பல குடும்பங்கள் முழு வருடமும் சீவிக்கின்றன. 2004 சுனாமி துடைத்தெறிந்த கரையில் கடன்பட்டு மறுபடி கட்டி எழுப்பியவர்கள் அவர்கள். இன்று அதே வீதியில் வெளிநாட்டவரே உணவகம் நடத்துகிறார், அறை விடுகிறார், சறுக்குப் பலகை வாடகைக்குக் கொடுக்கிறார், பழக்கியும் விடுகிறார். சுற்றுலா விசாவில் வந்தவர் சம்பளத்துக்கு வேலை செய்யவோ வியாபாரம் பண்ணவோ கூடாது. 1948ஆம் ஆண்டின் குடிவரவு குடியகல்வுச் சட்டம் இருக்கிறது, அதைக் கையில் எடுப்பார்தான் இல்லை.

நட்டம் எப்படி வருகிறது என்பதைச் சொல்ல வேண்டும். விடுதி நம்மவருடையதென்றால் மீன் பொத்துவில் கரையிலும் அரிசி சம்மாந்துறையிலும் வாங்கப்படும், வேலைக்கு அக்கரைப்பற்றுப் பொடியன்மார் போவார்கள், ஓட்டோ ஓடும் காக்காமாருக்கும் ஓட்டம் கிடைக்கும். வெளிநாட்டவர் தம் நாட்டுக்காரரிடம் தம் நாட்டிலேயே இணையத்தில் பணத்தை வாங்கிவிட்டால் அந்த டொலர் இலங்கைக்குள் வருவதேயில்லை. 2022இல் டொலர் இல்லாமல் எரிபொருளுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்ற நாடு இது. வற் பதிவுள்ள உள்ளூர் விடுதி 18 வீதம் கட்டுகிறது. பக்கத்தில் பதிவே இல்லாத இடம் அந்த அளவுக்கு விலையைக் குறைத்துவிடலாம், ஊழியருக்கு ஈ.பி.எப். என்ற பேச்சும் அங்கே இருக்காது. இந்தப் போட்டியில் தோற்பவர் சட்டத்தை மதித்தவர்.

உல்லையில் கடை நடத்தும் வெளிநாட்டவர் என்றாலே ஊரில் பேச்சு முழுவதும் இஸ்ரேலியரைப் பற்றியது. காஸாவை நினைத்து என் நெஞ்சும் கொதிக்கிறது. ஆனாலும் இந்த விடயத்தில் எந்த நாட்டவர் என்று பார்ப்பது பிழை. தெற்கே உனவட்டுனவில் 2024 பெப்ரவரியில் ‘வெள்ளையருக்கு மட்டும்’ என்று விருந்துக்கு விளம்பரம் செய்து நாட்டையே கொந்தளிக்க வைத்தவர்கள் வேறு நாட்டவர். கடவுச்சீட்டின் நிறத்தைப் பார்க்காமல் விசாவின் வகையைப் பாருங்கள்.

நம்மவர் பங்கையும் மறைக்க முடியாது. வெளிநாட்டவர் காணி வாங்குவதை 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. குத்தகைக்குக் காணியையும் பதிவுக்குப் பெயரையும் கொடுத்து மாதப் பணம் வாங்குகிறவர் யார்? சவூதியில் இருந்து வந்தவர்களுக்கு ‘தஸத்துர்’ என்றால் தெரியும். சவூதிக்காரர் பெயரில் வெளிநாட்டவர் நடத்தும் கடை அது. 2020இல் அங்கே புதுச் சட்டம் வந்தது. திருத்திக்கொள்ள 2022 பெப்ரவரி வரை தவணை கொடுத்தார்கள். அதன்பின் பிடிபட்டால் பெயர் கொடுத்தவருக்கும் நடத்தியவருக்கும் ஐந்து வருடம் வரை சிறை, ஐம்பது இலட்சம் ரியால் வரை அபராதம். கல்முனையிலிருந்து போய் அந்தச் சட்டங்களுக்கு அஞ்சி வாழ்ந்த பிள்ளைகள் எத்தனை பேர்! தன் சந்தையைக் காக்க அந்த நாட்டுக்கு இருக்கும் உரிமை நமக்கும் உண்டு.

முறையாக முதலீடு செய்து, வதிவிட விசா பெற்று, வரி கட்டி வருகிறவரை யாரும் விரட்டச் சொல்லவில்லை. அடுத்த ஏப்ரலுக்கு முன் இங்கும் ஒரு தவணை அறிவியுங்கள். குடிவரவுத் திணைக்களமும் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையும் பொத்துவில் பிரதேச சபையும் ஒன்றாக இறங்கி உல்லையில் கடை கடையாகப் பதிவைப் பார்க்கட்டும். பதிவுள்ள இடங்களின் பட்டியலை, உரிமையாளர் பெயரோடு, பிரதேச சபை வாசலில் ஒட்டட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கல்முனைக்குடி.