காந்தத்துக்கு அஞ்சாத ஏடு

கம்பியில் மின்சாரம் ஓடினால் கம்பி சூடாகிறது. அந்தச் சூடு வீண். நாம் உற்பத்தி செய்யும் மின்சாரத்தில் ஒரு பகுதி இப்படியே வழியில் போய்விடுகிறது.

சிறிதும் வீணாகாமல் மின்சாரம் ஓடுமா? ஓடும் என்று 1911-ம் ஆண்டில் கண்டார், ஹாலந்து நாட்டு விஞ்ஞானி காமர்லிங் ஓனஸ். பாதரசத்தைப் பூஜ்யத்துக்குக் கீழே 269 டிகிரி வரை குளிர வைத்தார். மின்சாரத்தைத் தடுக்கும் குணம் அதில் அடியோடு மறைந்தது! இதற்கு மீக்கடத்தல் என்று பெயர்.

இப்படிப்பட்ட கம்பியைச் சுருட்டி, மிகப் பெரிய காந்தம் செய்ய ஓனஸ் ஆசைப்பட்டார். நடக்கவில்லை. காந்த சக்தி சற்று ஏறியதும் மீக்கடத்தல் ஓடிவிட்டது.

காந்தம் அதைப் பல வழிகளில் கெடுக்கும். ஒரு வழி இது: மீக்கடத்தலில் எலெக்ட்ரான்கள் ஜோடி ஜோடியாகப் போகின்றன. ஒன்று வலமாகச் சுழன்றால் மற்றது இடமாகச் சுழலும். காந்தமோ இரண்டையும் ஒரே பக்கம் திருப்பப் பார்க்கும். ஜோடி பிரிந்துவிடும்.

பிறகு, காந்தத்தைத் தாங்கும் கலப்பு உலோகங்கள் கிடைத்தன. ஆஸ்பத்திரிகளில் பெரும்பாலான எம்.ஆர்.ஐ. யந்திரங்களுக்குள் இருப்பது அத்தகைய கம்பிதான். ஓனசின் ஆசைக்கும் அந்த யந்திரத்துக்கும் நடுவே 60 ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன.

2021-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்திலிருந்து ஒரு புதுமை வந்தது. பென்சிலில் உள்ள கரியை ஒரே ஓர் அணு கனத்துக்கு உரித்தால், அந்த ஏடு கிராஃபீன். விஞ்ஞானிகள் மூன்று ஏடுகளை அடுக்கி, நடு ஏட்டை மட்டும் சுமார் ஒன்றரை டிகிரி திருப்பி வைத்தார்கள். ஏட்டுக்கு இணையாகக் காந்த சக்தியைச் செலுத்தினார்கள். மீக்கடத்தல் 10 டெஸ்லா வரை தாங்கியது! சாதாரணமாக எதிர்பார்க்கும் அளவைப் போல் இது சுமார் மூன்று மடங்கு. ஆஸ்பத்திரி யந்திரத்தின் பலம் பெரும்பாலும் ஒன்றரை அல்லது 3 டெஸ்லாதான். அதிசயம் இன்னொன்று: நடுவில் மறைந்த மீக்கடத்தல், காந்தத்தைக் கூட்டியதும் திரும்பி வந்தது!

இந்த ஏட்டில் ஜோடியின் இரண்டு எலெக்ட்ரான்களும் ஒரே பக்கம் சுழலக்கூடும் என்று அவர்கள் கருதினார்கள். அப்படியானால் பிரிப்பதற்குக் காந்தத்துக்கு வேலை இல்லை. ஆனால் இது கருத்துதான்; தீர்ப்பு அல்ல.

"நாளைக்கே மின்சாரக் கட்டணம் குறையும்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். "இதற்கு எதற்காகப் பணம்?" என்று கேட்பதும் நியாயம் அல்ல. 1911-ல் பாதரசத்தைக் குளிர வைத்தவரிடமும் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கலாம்.

இப்போதைக்கு அந்த ஏடு வேலை செய்வது பூஜ்யத்துக்குக் கீழே சுமார் 270 டிகிரிக் குளிரில். அதன் அகலம் ஒரு தலைமயிரின் பருமன்கூட இல்லை.