மரம் வேண்டும், மனு வேண்டாம்!

அடுக்களையைப் பாருங்கள், தோழர்களே! மரமத்து எங்கே? அகப்பை எங்கே? மரச்சீப்பு எங்கே? குழந்தை விளையாடிய சொப்பு எங்கே? எல்லாவற்றின் இடத்திலும் பிளாஸ்டிக்! பெட்ரோலிய எண்ணெயிலே பிறந்த பண்டம் அது. புதைத்தால் மட்காது, எரித்தால் நஞ்சு, எறிந்தால் சாக்கடையை அடைக்கும், மாட்டின் வயிற்றைக் கெடுக்கும்.

மரமோ வெயிலையும் நீரையும் கொண்டு வளர்வது. காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துத் தன் உடலாக்கிக்கொள்வது. உலர்ந்த மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி கரி. அகப்பையாக, நாற்காலியாக அது உழைக்கும்வரை அந்தக் கரி வானுக்குத் திரும்புவதில்லை. தேய்ந்தபின் மண்ணோடு மண்ணாகிறது.

‘காடு அழியுமே’ என்பார்கள். காட்டைத் தொடச் சொல்லவில்லை நாம். வேம்பும் பூவரசும் வேலியோரத்தில் வளர்பவை. தேக்கும் மலைவேம்பும் கழனியில் வளர்பவை. ஒன்றை வெட்டினால் இரண்டை நடுவோம்!

ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களைத் தமிழ்நாடு 2019 சனவரி 1 முதல் தடை செய்தது. தடை போதுமா? மாற்றுப் பொருள் செய்யும் கை வேண்டாமா? அம்பாசமுத்திரத்தில் மரச்சொப்பு கடையும் கடைசல் தொழிலாளியின் கை வாழ வேண்டாமா?

வாழவேண்டும்! ஆனால், ‘தச்சன் மகன் தச்சனே’ என்ற விலங்கை அந்தக் கையில் மாட்டக்கூடாது. 1953-இல் ஆச்சாரியார் அரைநாள் பள்ளி, மீதிநேரம் அப்பன் தொழில் என்றார். நாடு கொதித்தது, 1954-இல் திட்டம் மாண்டது. 2023-இல் ஒன்றிய அரசின் விசுவகர்மா திட்டம் குடும்பவழித் தொழில்கள் என்று 18 தொழில்களை அடுக்கியது. பட்டியலின் தலையில் தச்சர்! குடும்பவழி நிபந்தனையோடு அதை ஏற்க 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு மறுத்தது. 2025-இல் வந்த கலைஞர் கைவினைத் திட்டம் வயதைக் கேட்டது, 35 நிரம்பியதா என்று, குலத்தைக் கேட்கவில்லை. அதுதான் நம் வழி!

ஆட்சியாளரை நாம் கேட்பது இதுதான்: அங்கன்வாடிக்கு வாங்கும் விளையாட்டுப் பொருளில் மரச்சொப்புக்கு இடம் கொடுங்கள். தொழிலாளிக்குக் கட்டுபடியாகும் விலை கொடுங்கள். கடைசல் பட்டறையின் கதவை எல்லாச் சாதியாருக்கும் திறந்துவிடுங்கள்.

உளியை விரும்பியவர் பிடிக்கட்டும்! உளி பிடித்தவரின் மகள், விரும்பினால், மருத்துவராகட்டும்! மரம் வேண்டும்; மனு வேண்டாம்!