எட்டரை மணி மழை

போன வாரம் நம்ம அண்ணாச்சி ஒருத்தர் பதிவு போட்டிருந்தார். "அணையெல்லாம் ஆய்வு பண்ணியாச்சு, பலமா இருக்கு, நெல்லைக்காரங்க சும்மா பீதியைக் கிளப்பாதீங்க"ன்னு. கோவிச்சுக்காதீங்க அண்ணாச்சி, 2023 டிசம்பர் 17, 18-ல பாபநாசமும் உடையல, மணிமுத்தாறும் உடையல. ஆனா ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டு முங்கிச்சே!

அணை பலமா இருக்காங்கறது ஒரு நாள் போய்ப் பார்த்துச் சொல்ற விஷயம். மேல எவ்வளவு கொட்டுது, உள்ள எவ்வளவு வருது, எவ்வளவு திறக்கணும்ங்கறது மணிக்கு மணி பார்க்க வேண்டிய விஷயம். முதல் சர்டிபிகேட்டைக் காட்டி ரெண்டாவதுக்குப் பதில் சொல்லக் கூடாது.

மாஞ்சோலையையே எடுத்துக்குங்க. ஊத்து, நாலுமுக்கு, காக்காச்சின்னு மழைக்காலத்துல பேப்பர்ல முதல்ல வர்ற பேரெல்லாம் அந்த மலைதான். மாஞ்சோலைப் பக்கம் பெய்ஞ்சா மணிமுத்தாறு அணைக்குத்தான் இறங்கும். ஆனா நாம படிக்கற அந்த லிஸ்டு, காலை எட்டரையில இருந்து மறுநாள் காலை எட்டரை வரைக்குமான கணக்கு. ராத்திரி பத்து மணிக்குப் பிடிச்ச பேய்மழை அதுல ஒரே ஒரு நம்பர். நாம அதைப் படிச்சு "அடேங்கப்பா"ங்கறதுக்குள்ள தண்ணி கீழ வந்து சேர்ந்திருக்கும். (காயல்பட்டினத்துல அன்னிக்குக் கொட்டுன 95 சென்டிமீட்டருக்கும் மலைக்கும் சம்பந்தமில்லதான், ஒத்துக்கறேன்.)

இன்னொண்ணு. 1929-ல சிங்கம்பட்டி ஜமீன்கிட்ட 99 வருஷக் குத்தகைக்கு எடுத்த எஸ்டேட்டு அது. 2028 வரை இருக்க வேண்டியது, கம்பெனி 2024-லயே வேலையை நிறுத்திடுச்சு. ஜனங்க இறங்க இறங்க, ராத்திரி ஓடைச் சத்தம் மாறுனா கவனிக்கற காதும் மலையில குறையுது. தானியங்கிக் கருவி வச்சாப் போதுமேன்னு கேப்பீங்க. வைக்கட்டும். அந்த மேகத்துல பேட்டரி செத்தா, சிக்னல் போனா, "நம்பர் வரலையே"ன்னு பதறுற ஆள் கீழ முழிச்சிருக்கணும்ல?

2021-ல வந்த அணை பாதுகாப்புச் சட்டம் மழைக்கு முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணுன்னு ஆய்வு கேக்குது. நல்லது. வெள்ளம் வர்றது இந்த ரெண்டுக்கும் நடுவுலங்க!

ரயில்காரங்க கதை வேற. 1956-ல அரியலூர்கிட்ட பாலம் வெள்ளத்துல போய், தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆத்துல விழுந்து நூத்துக்கும் மேல செத்தாங்க. லால் பகதூர் சாஸ்திரி மந்திரி பதவியையே விட்டார். 2023-ல அதே மாதிரி ராத்திரி, ஸ்ரீவைகுண்டம் தாண்டி தண்டவாளத்துக்கு அடியில ஜல்லி அடிச்சுட்டுப் போச்சு. செந்தூர் எக்ஸ்பிரஸை ஸ்டேஷன்லயே நிறுத்திட்டாங்க. சுமார் 800 பேர் ரெண்டு நாள் பசியில தவிச்சாங்க, ஆனா உசுரோட வீடு போனாங்க. அந்த லைனை ஆய்வு பண்ணிக் கையெழுத்து போட்ட பேப்பரா ரயிலை நிறுத்துச்சு?

அண்ணாச்சி, அடுத்த ஐப்பசியில ஒரு ராத்திரி மணிமுத்தாறு வரைக்கும் ஒரு எட்டு போய்ட்டு வாங்க. யார் முழிச்சிருக்காங்க, மேலயிருந்து கடைசியா எத்தனை மணிக்குத் தகவல் வந்துச்சுன்னு கேட்டுட்டு வந்து பதிவு போடுங்க. லிங்க் நானே குடுக்கறேன்.