கதவைப் பூட்டியவர்களும் வெளியே நின்றவர்களும்

“நீங்களும் சாதி பார்த்துத்தானே மாணவர் அமைப்பு நடத்துகிறீர்கள்? பிறகு ஆதிக்கச் சாதிக்காரர்கள் சங்கம் வைத்தால் மட்டும் ஏன் கோபம் வருகிறது?” முனைவர் பட்ட ஆய்வுக்கு வந்த நாளிலிருந்து இந்தக் கேள்வியைப் பலமுறை எதிர்கொண்டிருக்கிறேன். கேட்பவர்கள் எல்லோரும் கெட்ட எண்ணத்தோடு கேட்பதில்லை. அதனால் பொறுமையாகப் பதில் சொல்லியாக வேண்டும். எனக்கு அந்தப் பதிலைத் தருவது அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் ரகசிய மாணவர் சங்கங்களின் வரலாறு.

1776 டிசம்பரில் வர்ஜீனியாவின் வில்லியம் அண்ட் மேரி கல்லூரியில் ஃபை பீட்டா கப்பா என்ற சங்கம் தொடங்கியது. ரகசியக் கைகுலுக்கல், உறுதிமொழி, சின்னம் எல்லாம் அதற்கு உண்டு. மேசன் சங்கங்களுக்கு எதிராக மக்கள் கோபம் கிளம்பியிருந்த காலத்தில், 1831இல் அது ரகசியத்தைக் கைவிட்டது. அடுத்த ஆண்டே யேல் பல்கலைக்கழகத்தில் ‘ஸ்கல் அண்ட் போன்ஸ்’ பிறந்தது. ஆண்டுக்குப் பதினைந்து பேர் மட்டும். தேர்வு கிடையாது, விண்ணப்பம் கிடையாது; உள்ளே இருப்பவர்கள் கைகாட்டினால் உண்டு. அவர்கள் கூடும் கட்டடத்துக்கு ‘கல்லறை’ என்று பெயர். நிறுவியவர்களில் ஒருவரான அல்ஃபோன்சோ டாஃப்டின் மகன் பின்னாளில் அமெரிக்க அதிபரானார். புஷ் குடும்பத்தில் தந்தையும் மகனும் உறுப்பினர்கள், இருவருமே அதிபர்கள். 2004 தேர்தலில் இளைய புஷ்ஷை எதிர்த்து நின்ற ஜான் கெர்ரியும் அதே சங்கத்துக்காரர். யார் வென்றாலும் அந்தக் கல்லறைக்குத் தோல்வியில்லை. 1991இல் மாணவர்கள் பெண்களைச் சேர்க்க முடிவெடுத்தபோது, பழைய உறுப்பினர்கள் கட்டடத்தின் பூட்டையே மாற்றினார்கள்!

யேலின் கதை உச்சாணிக் கொம்பின் கதை. அதற்குக் கீழே, ஃபிரட்டர்னிட்டி என்ற பெயரில் நாடெங்கும் சகோதரச் சங்கங்கள் பரவின. அவற்றில் பல, வெள்ளைக் கிறித்தவர்களுக்கு மட்டுமே இடம் என்று விதியிலேயே எழுதிவைத்திருந்தன. 1948இல் ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியின் ஃபை கப்பா சை கிளை ஒரு கறுப்பின மாணவரைச் சேர்க்க முன்வந்தது. தலைமை அந்தக் கிளையையே இடைநீக்கம் செய்தது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் எழுந்த எதிர்ப்பில் இந்த விதிகள் ஒவ்வொன்றாக அழிக்கப்பட்டன. ஆனால் கறுப்பு உருண்டை அழியவில்லை. புதியவரைச் சேர்க்க ரகசிய வாக்கெடுப்பு நடத்துவார்கள். வெள்ளை உருண்டை போட்டால் சம்மதம், கறுப்பு உருண்டை போட்டால் மறுப்பு. பல சங்கங்களில் ஒரே ஒரு கறுப்பு உருண்டை போதும், ஆள் வெளியே. யார் போட்டார், ஏன் போட்டார் என்று யாரும் கேட்க முடியாது.

1963இல் ஆளுநர் ஜார்ஜ் வாலஸ் வாசலில் நின்று மறித்தும், அலபாமா பல்கலைக்கழகத்துக்குள் கறுப்பின மாணவர்கள் நுழைந்தார்கள். சரியாக ஐம்பது ஆண்டுகள் கழித்து, 2013இல், அங்குள்ள மாணவர் நாளிதழ் ஒரு செய்தியை வெளியிட்டது. நல்ல மதிப்பெண் பெற்ற ஒரு கறுப்பின மாணவியை வெள்ளையர் சகோதரிச் சங்கங்கள் எதுவும் சேர்க்கவில்லை. உள்ளே இருந்த மாணவிகள் சிலர் விரும்பியும், முன்னாள் மாணவிகள் தடுத்துவிட்டார்கள். எந்த விதியிலும் ‘கறுப்பருக்கு இடமில்லை’ என்று எழுதியிருக்கவில்லை. எழுதப்பட்டதை நீதிமன்றத்தில் அடித்து நொறுக்கலாம். மூடிய அறையில் உருட்டப்படும் உருண்டையை எந்த வழக்கறிஞர் பிடிப்பார்? சாதியும் இன்று இப்படித்தான் வேலை செய்கிறது. ‘இவர் நமக்குச் சரிப்பட்டு வரமாட்டார்’ என்ற ஒற்றை வரிக்கு யாரும் காரணம் எழுதிக் கையெழுத்துப் போடுவதில்லை.

இனி அந்தக் கேள்விக்கு வருகிறேன். 1906 டிசம்பரில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஏழு கறுப்பின மாணவர்கள் ஆல்ஃபா ஃபை ஆல்ஃபாவைத் தொடங்கினார்கள். அதற்குச் சற்று முன்புதான் அங்கு படித்த கறுப்பின மாணவர்கள் ஆறு பேர் படிப்பைத் தொடரத் திரும்பி வராமல் போயிருந்தார்கள். தங்க இடம், சேர்ந்து படிக்கத் துணை, ஆறுதலுக்கு ஓர் ஆள் எல்லாவற்றையும் அவர்களே உருவாக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. 1935இல் மேரிலாந்து சட்டப் பள்ளியின் கதவைக் கறுப்பின மாணவருக்குத் திறந்துவிட்ட வழக்கில் வாதாடிய தர்குட் மார்ஷல் இந்தச் சங்கத்துக்காரர். மார்ட்டின் லூதர் கிங்கும் உறுப்பினர். 1940களிலேயே எல்லா இனத்தவரும் சேரலாம் என்று இந்தச் சங்கம் திறந்துவிட்டது. இங்கும் ரகசியச் சடங்குகள் உண்டு. புதியவர்களைத் துன்புறுத்தும் நோய் கறுப்பினச் சங்கங்களையும் பிடித்தது. அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் இது பிறந்த காரணம் வேறு.

அந்தக் காரணத்தை விளங்கிக்கொள்ள அண்ணல் அம்பேத்கர் உதவுவார். அதே நியூயார்க் மாநிலத்தில், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தபோது, 1916 மே மாதம் சாதியின் தோற்றம் பற்றிய தன் ஆய்வுக் கட்டுரையை அவர் வாசித்தார். சாதி என்பது தன்னைத்தானே அடைத்துக்கொண்ட வர்க்கம் என்பது அதன் சாரம். சிலர் கதவைச் சாத்திக்கொண்டார்கள். மற்றவர்கள் தங்கள் முகத்துக்கு நேரே அது சாத்தப்பட்டிருப்பதைக் கண்டார்கள். இரு தரப்பையும் ஒரே தராசில் வைப்பவர், கதவைப் பூட்டியது யார் என்ற கேள்வியைத் தவிர்க்கிறார்.

ஆகவே, ஒடுக்கப்பட்ட மாணவர்களின் அமைப்பைக் ‘குறுகிய வட்டம்’ என்று சொல்பவர்களிடம் நான் கேட்பது இதைத்தான். எங்கள் கூட்டத்துக்கு நோட்டீஸ் ஒட்டித்தான் அழைக்கிறோம், யாரும் வரலாம். உங்கள் தேர்வுக் குழுக்கள் எடுக்கும் முடிவுக்கு எழுத்தில் காரணம் தருவீர்களா? நேர்காணல் மதிப்பெண்ணை எல்லோரும் பார்க்க ஒட்டுவீர்களா? அதைச் செய்துவிட்டு எங்கள் சங்கத்தைப் பற்றிப் பேச வாருங்கள். உட்கார்ந்து பேசலாம்.